பழைய அரசுக் கட்டடம்: இடிப்பதா, சீரமைப்பதா?

அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்து சுவர்கள்தான் மிஞ்சின. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் லிப்ட், வாகன நிறுத்தம், கூடுதல் தளங்கள் எல்லாம் எளிதில் கிடைத்திருக்கும். ஆனால் பொதுப்பணித் துறை அதைச் சீரமைத்தது. இப்போது அங்கே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் மீட்கப்பட்டது.

சீரமைப்பு மெதுவான வேலை. சுண்ணாம்புச் சாந்து சீக்கிரம் இறுகாது. மர உத்திரங்கள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை போடத் தெரிந்த கொத்தனார்களும் குறைவு. அவசரத்துக்கு சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும்.

அதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா? வேண்டாம். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழும் அலுவலகங்களை, பரிசோதித்துப் பார்த்து, தேறாது என்றால் இடிப்பதே சரி. தடித்த சுவர்கள் உறுதியாக நிற்கும் செங்கல் கட்டடம் என்றால் என் ஓட்டு சீரமைப்புக்குத்தான். எதைச் செய்தாலும் உடனே ஆள் குடியேற வேண்டும். பூட்டிப் போட்டால் மழைநீர்க் குழாய் அடைத்து, சுவரில் ஆலங்கன்று முளைத்துவிடும்.