பீம் சப்பாத்து வாங்கலாமா?

மச்சாளின் மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்திருக்கிறாள். அதில் பீம் என்கிற ஒடுங்கிய நீளக் கட்டையின் மேல் நடந்து, சுற்றி, குதிக்க வேண்டும். "பீமில ஏறுற பிள்ளைக்குக் காலுக்கு ஏதும் போட்டுவிட வேணாமா?" என்று மச்சாள் கேட்டாள். போனில் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். பீமில் ஏறும்போது என் மகள் போடுகிற மெல்லிய தோல் சப்பாத்து திருகோணமலையின் வெயிலையும் மாரியையும் நன்றாகவே பார்த்துவிட்டது.

முதலில் பயத்தைப் பற்றி. பீமின் அகலம் 10 சென்ரிமீற்றர். போட்டியில் உயரம் 125 சென்ரிமீற்றர். பெற்ற மனம் பதறத்தான் செய்யும். ஆனால் நாங்கள் பயப்படுகிற எதையும் இந்தச் சப்பாத்து தடுக்காது. கணுக்கால் பிரண்டால் பிரண்டதுதான். குதித்து இறங்கும்போது காப்பாற்றுவது கீழே கிடக்கிற மெத்தையும் பழக்கமும். வளருகிற வயதில் பிள்ளைகளுக்குக் குதிக்கால் நோ வருமே, அது குதி எலும்பின் வளர்ச்சித் தட்டைப் பின்தசைநார் இழுப்பதால் வருவது. அதற்கு ஓய்வும் குதிக்கு மெத்தென்ற தாங்கியும் வேண்டும். மெல்லிய தோல் என்ன செய்யும்?

இது காப்பது மேல்தோலை மட்டும். அதைக் குறைவாகச் சொல்லக் கூடாது. ஒற்றைக் காலில் முழுச் சுற்றுச் சுற்றும்போது உடம்பின் பாரம் முழுவதும் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில்தான் திருகுகிறது. வெறுங்காலோடு பழகிய காலத்தில் மகளுக்கு அந்த இடம் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியும். சப்பாத்து போட்ட பிறகு புண்ணும் இல்லை, சுற்றும் தடங்கலில்லாமல் வருகிறது. நான் எதிர்பாராத லாபம் இது. பலர் மிதிக்கிற மெத்தையில் பாதத்தில் மரு தொற்றுகிற வாய்ப்பும் ஓரளவு குறையும்.

சரி, இப்போது சப்பாத்தின் அடிப்பகுதி. புதிதில் வெல்வெட்டுப் போல மயிர் நிமிர்ந்து நன்றாகப் பிடிக்கும். இரண்டு கிழமை போகட்டும். வழுக்காமல் இருக்கப் பூசுகிற வெள்ளைப் பவுடரும் வியர்வையும் சேர்ந்து இறுகி, எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கத் தொடங்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் திரும்பவும் மயிர் எழும்பும். ஆனால் அடுத்த பயிற்சிக்குள் பழையபடிதான். பின்னேரம் பையை எடுத்ததும் என் முதல் வேலை முற்றத்தில் இருந்து தேய்ப்பது. அதிலும் எங்கள் மண்டபத்தில் இருக்கிற பழைய பீமின் மேலுறை கிழிந்ததும் யாரோ ரெக்சினைச் சுற்றிவிட்டார்கள். வெறும் பாதம் அதில் ஒட்டும், தேய்ந்த சப்பாத்து வழுக்கும். பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருளே வழுக்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? போட்டியில் கால் கொஞ்சம் ஆடினாலே 0.1 புள்ளி வெட்டுவார்கள், விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போகும்.

பயிற்றுவிக்கிற தங்கச்சி ஆரம்பத்திலேயே சொன்னாள்: "அக்கா, விரல் பீமைப் பிடிக்கப் பழக வேணும். உள்ளுக்குள்ள மூடி வைச்சா எப்பிடிப் பழகும்?" அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு முன் பாதத்துக்குத்தான் தெரியும். பன்னாட்டு விதிகள் சப்பாத்து போடவும் விடுகின்றன, போடாமலிருக்கவும் விடுகின்றன. பெரிய போட்டிகளில் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஏறுகிறார்கள்.

வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் அளவில் மட்டும் ஏமாற வேண்டாம். "வளருற பிள்ளை, ஒண்டு பெரிசா எடு" என்று அம்மா சொன்னார். பாடசாலைச் சப்பாத்துக்கு அது சரி. இதில் விரலுக்கு முன்னால் கொஞ்சம் தோல் மிஞ்சினாலும் மடிந்து தடுக்கும். காலோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் மாரி. கார்த்திகை, மார்கழியில் இந்த ஊரில் எதுதான் காய்கிறது? பைக்குள்ளேயே விட்டால் இரண்டொரு நாளில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்டவுடன் அவசரப்பட்டு அதில் காயப்போட்டால் தோல் அப்பளம் மாதிரி விறைக்கும். மின்விசிறிக்குக் கீழே, உள்ளே பேப்பர் திணித்துக் காய வைப்பதுதான் வழி. இலாஸ்ரிக் தளர்ந்து போனபோது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஐயா புதிதாக வைத்துத் தந்தார். தொழிற்சாலைத் தையலைவிட அதுதான் உறுதி.

ஆகவே மச்சாள், உன் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். அவள் இன்னும் தரையோடு இருக்கிற பீமில்தான் நடக்கிறாள். விரல்கள் வேலை பழகட்டும். தோல் உரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்ரர் ஒட்டு. அந்தக் காசை நல்ல மெத்தைக்குக் கொடுக்கச் சொல்லி மற்றத் தாய்மாரையும் கூட்டு.

என் மகளுக்கு இந்தச் சோடி சிறுத்துவிட்டது. அடுத்த அளவுக்குக் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சுற்றுவதைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வருகுதில்லை.