கீ வெஸ்ட்டுக்கு ஓட வேண்டாம், நடுவழியில் இறங்குங்கள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிறவர்கள் எங்கள் கோபிப் பக்கம் இப்போது தெருவுக்கு இரண்டு வீடு இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போன பிப்ரவரியில் மகள், மாப்பிள்ளை, பேரன், வீட்டம்மா, நான் என ஐந்து பேர் ஃபுளோரிடா கீஸ் தீவுகளுக்கு மூன்று நாள் போய்வந்தோம். கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் எல்லோரையும் போல ஒரே நாளில் கீ வெஸ்ட் வரை ஓடி, தென்கோடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதாக இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். அந்தத் தீவுகளின் அருமை எல்லாம் நடுவில்தான் இருக்கிறது, மாரத்தான் என்ற ஊரிலும் பிக் பைன் தீவிலும்.

கீ என்றால் சாவி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஸ்பானிய மொழியில் சின்னத் தீவுக்குக் 'காயோ' என்று பெயராம், அது மருவிக் கீ ஆகிவிட்டது. கடகரேகைக்குச் சற்று வடக்கே, மாலை கோத்தது மாதிரி வரிசையாகத் தீவுகள், அவற்றைச் சேர்த்து ஒரே சாலை, 42 பாலங்கள். மியாமியிலிருந்து கீ வெஸ்ட் சுமார் 160 மைல், நம் கணக்கில் ஈரோட்டிலிருந்து பெங்களூர் போகிற தூரம். வழி நெடுக மைல்கல் உண்டு, கீ வெஸ்ட்டில் சுழியத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டு வருவார்கள். கடை விலாசம் கேட்டால் கூட மைல்கல் எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் வருவது கீ லார்கோ. ஜான் பென்னிகேம்ப் பவளப்பாறைப் பூங்கா இங்கேதான், அமெரிக்காவில் கடலுக்கடியில் அமைந்த முதல் பூங்கா என்கிறார்கள். நீச்சல் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கிற நிறத்தைப் பவளத்தில் எதிர்பார்க்காதீர்கள், நிறைய இடத்தில் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. 2023 ஜூலையில் இந்தப் பக்கம் மனாட்டி விரிகுடாவில் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டிவிட்டது, காய்ச்சல்காரர் உடம்புச் சூடு. சூடு தாங்காமல் பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், அந்தப் பாசிதான் அதற்கு நிறமும் சோறும். கேட்கவே வயிறு எரிந்தது. அதற்கு அவர்கள் செய்கிற வைத்தியம் மஞ்சள் விவசாயியான எனக்கு உடனே பிடிபட்டது. விதைக்கிழங்கைத் துண்டு போட்டு நடுகிறோமே, அதே மாதிரி உயிருள்ள பவளத்தைச் சின்னத் துண்டுகளாக்கிக் கடலுக்குள்ளேயே மரம் போன்ற சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு வளர்த்து, தேறியதும் பாறையில் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். கடலுக்குள் நாற்றங்கால்!

படகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மறுநாள் வேறு ஓர் இடத்தில் டால்பின் பார்க்க என்று ஒரு படகுக்காரரிடம் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தோம். காற்று அதிகம், படகு போகாது என்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேறு நாள் வாருங்கள் என்றார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் எங்கே வேறு நாளுக்குப் போவது? காற்றடித்தால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அடுத்தது இஸ்லமொராடா. 'ராபீஸ்' என்ற படகுத்துறையில் டார்ப்பன் என்ற ராட்சத மீன்களுக்குக் கையால் தீனி போடலாம். ஆள் நீளத்துக்கு ஒரு மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு கைவரை வந்தால் பயம் வரத்தான் செய்யும், பேரனுக்கு மூன்று நாளிலும் பெரிய சந்தோஷம் இதுதான். நம் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் பார்க்கிற கூழைக்கடா தண்ணீரில் மிதந்தபடி அள்ளும், இங்கே இருக்கிற பழுப்புக் கூழைக்கடா மேலேயிருந்து தலைகுப்புறப் பாய்கிறது. வாளியில் இருக்கும் தீனி மீனையும் விடாது, வாளியை மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் சாலையோரம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, பெரும்பாலான கார்கள் நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள். ஹென்றி ஃப்ளாக்லர் என்ற கோடீசுவரர் இந்தத் தீவுகளின் மேல் ரயில் பாதை போட்டு, 1912-இல் கீ வெஸ்ட்டுக்கு முதல் ரயில் போனது. நம் பாம்பன் பாலம் 1914. 1935 செப்டம்பரில் வந்த புயலில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களை மீட்க வந்த ரயிலின் பெட்டிகளையும் அலை புரட்டிப் போட்டது, எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. அதோடு ரயில் போயிற்று, 1938-இல் அந்தப் பாலங்களின் மேலேயே கார்ச் சாலை வந்தது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தனுஷ்கோடிதான் நினைவு. 1964-இல் என் அப்பாரு வானொலியில் அந்தச் செய்தி கேட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டம்மா அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

சரி, மாரத்தானுக்கு வருகிறேன். இங்கே இரண்டு இரவு அறை எடுங்கள். காரணம் ஆமை மருத்துவமனை. ரிச்சி மொரெட்டி என்பவர் மோட்டல் நடத்திய இடம், 1986-இல் ஆமைகளுக்கு ஆஸ்பத்திரி ஆனது. மோட்டலின் நீச்சல் குளம் இப்போது நோயாளி ஆமைகளுக்கு! ஆமைக்கென்று ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் கூடவே வந்து சுற்றிக்காட்டுகிறார்கள், நாம் கொடுக்கும் டிக்கெட் காசு வைத்தியத்துக்குப் போகிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தொட்டிகள் வெளியில் இருப்பதால் தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

பேராமைகளுக்கு ஒரு வைரஸால் காலிஃபிளவர் மாதிரி கட்டிகள் வருகின்றன, கண்ணை மூடினாற்போல் வளர்ந்துவிட்டால் இரை தேட முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். லேசரால் வெட்டி எடுத்துத் தேற்றுகிறார்கள். இன்னொரு தொட்டியில் ஓர் ஆமை பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே மிதந்தது. படகு மோதி ஓடு அடிபட்டதில் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, முங்க முடியாமல் போய்விட்டதாம். ஓட்டின் பின்பகுதியில் எடைக்கட்டிகளை ஒட்டி வைத்திருந்தார்கள், அந்தப் பாரத்தில்தான் அதனால் நேராக நீந்த முடிகிறது. நான் தொட்டியோரம் குனிந்து நின்றிருந்தேன். அது ஒரு சுற்று வந்து, தலையை நீட்டி, 'புஸ்'ஸென்று மூச்சு விட்டது. ஈரம் என் கையில் தெறித்தது.

"அப்புச்சி, இது எப்போ வீட்டுக்குப் போகும்?" என்று பேரன் கேட்டான். சுற்றிக்காட்டிய பெண்ணிடம் மகள் கேட்டுச் சொன்னாள்: இது போகாது, கடலில் பிழைக்காது, ஆயுசு முழுக்க இங்கேதான். பையன் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அங்கேயே இருந்துவிட்ட ஆமைகளுக்குத் தீனி போட ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள், தன் பங்கு முழுவதையும் அவன் அந்த ஒன்றுக்கே போட வேண்டும் என்று அடம்பிடித்தான்.

சாயங்காலம் பக்கத்திலேயே பழைய ஏழு மைல் பாலம். ரயில் போன பாலத்தில் 2.2 மைல் தூரத்தைச் சரிசெய்து 2022-இல் நடப்பதற்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள், பிஜியன் கீ வரை போகலாம். எங்கள் வயசுக்குப் பாதி தூரம் நடந்தாலே போதும், கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கீழே பார்த்தால் தண்ணீர் அத்தனை தெளிவு.

கீ வெஸ்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார் நிறுத்தவே தனிப் பட்ஜெட் வேண்டும். 'கியூபா 90 மைல்' என்று எழுதிய தென்கோடிச் சின்னத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசை. தெருவெல்லாம் கோழியும் சேவலும் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன, யாரும் தொடக் கூடாதாம். சேவல்கட்டுக்காகக் கியூபாக்காரர்கள் கொண்டுவந்தவற்றின் வம்சம் என்றார்கள், நடையைப் பார்த்தால் நம்பலாம். சைவத்துக்கு ரொட்டியும் பொரித்த உருளைக்கிழங்கும்தான், வீட்டம்மா கட்டிவந்த புளிச்சோறும் பருப்புப்பொடியும் காப்பாற்றின.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பிக் பைன் தீவு வந்ததும் மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். பகலில் 45 மைல், இரவில் 35 மைல்தான் அங்கே, மானுக்காக. வெள்ளாட்டு உயரம்தான் இருக்கும் அந்த கீ மான். பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது தீவில் மாட்டிக்கொண்டு, கிடைத்த இலை தழைக்கும் நன்னீருக்கும் ஏற்றபடி உடம்பு சிறுத்த இனம். 1950-களில் சில டஜன்தான் மிச்சம், 1957-இல் சரணாலயம் ஆக்கிக் காப்பாற்றியதில் இன்று பல நூறு. பெருஞ்சாலைக்குக் கீழே மான் கடக்கச் சுரங்கப் பாதையே வைத்திருக்கிறார்கள். நம் திம்பம் மலைப்பாதையில் காட்டு விலங்குகளுக்காக இரவு வண்டிகளை நிறுத்தியபோது எத்தனை சண்டை நடந்தது என்று பார்த்தவன் நான், சத்தியமங்கலத்துக்காரர்கள் யாராவது இதை வந்து பார்க்க வேண்டும்.

உள்தெருவில் திரும்பி நோ நேம் கீ பக்கம் போனோம். ஓரமாக மூன்று. இரண்டு பெட்டை, ஒரு குட்டி. "ஏனுங்க, இத்தினியூண்டா!" என்று சொல்லிக்கொண்டே வீட்டம்மா பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிட்டாள். "வேண்டாங்கத்தை, தீனி போட்டா குற்றம். பழகிட்டா ரோட்டுக்கு வந்து அடிபட்டுப் போயிரும்" என்றார் மாப்பிள்ளை. அவள் பழத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். குட்டி சாலை நடுவில் நின்று, காதை ஆட்டி, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனது. பின்னால் இரண்டு கார் வந்து நின்றன, மூன்றும் கடக்கும்வரை ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.