கருவில் கோளாறு என்று தெரிந்த பிறகு ஆன்லைனில் 'மறு ஆலோசனை' விற்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தம்பதி இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். போன பணம் என் இரண்டு மாதச் சம்பளம். பணத்தோடு 19 நாளும் போய்விட்டது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. படிப்பவர்களுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் சொல்கிறேன்.

13ஆவது வார ஸ்கேன். ஸ்கேன் செய்தவர் கை, கால், இதயத் துடிப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். திரையில் நெற்றிக்கு மேலே வளைந்து போக வேண்டிய வெள்ளைக் கோடு, கண்ணுக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்கே அது தெரிந்தது. அனென்செஃபலி என்றார்கள். மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவே இல்லை.

எங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இதற்குச் சிகிச்சை கிடையாது, வயிற்றிலேயே உயிர் போகலாம், உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள் என்றார். கர்ப்பத்தை இப்போதே முடித்துக்கொள்ளலாம். இல்லை, தொடர்ந்து சுமந்து பெற்று, குழந்தைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு, இருக்கும் நேரம் வரை மடியில் வைத்திருக்கலாம். "எதை எடுத்தாலும் தப்பில்லைம்மா, ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்க வேண்டும் என்று அன்று ராத்திரியே போனில் தேட ஆரம்பித்தேன்.

அப்போது வந்து சிக்கியதுதான் இந்த ஆன்லைன் ஆலோசனை சேவை. பெயரைச் சொல்லப் போவதில்லை. 'அபூர்வக் கருக்கோளாறுகளுக்கு நிபுணர் குழுவின் மறு ஆலோசனை, 48 மணி நேரத்தில்' என்று போட்டிருந்தது. நம்பரைக் கொடுத்த ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குழந்தைக்குப் பேர் ஏதாவது யோசிச்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பேச்சிலும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே பேசினாள், "நாங்க இருக்கோம், நீங்க மட்டும் நம்பிக்கையை விட்டுடாதீங்க" என்றாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னார், அவரோடு சண்டை போட்டு, ராத்திரி பதினொன்றரை மணிக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். இப்போது அந்தக் குரலை நினைத்தாலே வயிறு எரிகிறது. என் பிள்ளையின் பேரை வைத்து வியாபாரம் செய்திருக்கிறாள்.

48 மணி நேரம் மூன்று நாளானது. குழு இன்னும் கூடவில்லையாம். ஆறாம் நாள், ஸ்கேன் படம் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்றார்கள். அதே ஃபைலையே மறுபடி அனுப்பினேன், இப்போது சரியாக இருக்கிறது என்றார்கள்! ஒன்பதாம் நாள் அவர்களுடைய டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம். அதோடு அந்தப் பெண் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள், வேறொருவர் பேசினார், "மேடம், உங்க கேஸ் சீனியர் டீமுக்குப் போயிருக்கு." பதினான்காம் நாள், வெளிநாட்டில் ஸ்டெம் செல் சிகிச்சை இருக்கிறது, முன்பணமாக இன்னொரு மாதச் சம்பளம் அளவுக்குக் கட்டினால் இடம் பிடித்துத் தருகிறோம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினேழாம் நாள் இரண்டு பக்கத்தில் ஒரு அறிக்கை வந்தது. முதல் பக்கம் என் ஸ்கேன் ரிப்போர்ட்டையே திருப்பித் தட்டச்சு செய்தது, அதிலும் 13 வாரம் என்பது 31 வாரம் ஆகியிருந்தது. இரண்டாம் பக்கத்தில், ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடவும், மனதை அமைதியாக வைத்துக்கொள்ளவும். அவ்வளவுதான். டாக்டர் பேர் இல்லை, கையெழுத்து இல்லை, பதிவு எண் இல்லை.

19ஆம் நாள் அதை எங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் சுருட்டி, ஓரங்கள் சேரும் இடத்தை விரலால் அழுத்திக் காட்டினார். மூளையும் முதுகுத்தண்டும் இப்படி ஒரு குழாயாகத்தான் தொடங்குகின்றன, கரு உருவாகி 28 நாளுக்குள் இது மூடிவிட வேண்டும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத சமயம் அது என்றார். மேல்முனை மூடாமல் போனதுதான் எங்களுக்கு நடந்தது. இப்போது எந்த மாத்திரையும் அதை மூட வைக்காது. ஃபோலிக் அமிலம் அடுத்த குழந்தைக்குத்தான் உதவும், கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே எடுக்க வேண்டும், வழக்கமான 0.4 மில்லிகிராம் இல்லை, ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு அதைப் போலப் பத்து மடங்கு, டாக்டர் எழுதித் தந்துதான் எடுக்க வேண்டும். என் தப்பு எதுவும் இல்லை என்றும் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டதால் சேவை முடிந்தது' என்று ஒரு வரி வருகிறது. எத்தனை தடவை எழுதினாலும் அதே வரி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு இரண்டு பக்கம்.

நாங்கள் என்ன முடிவெடுத்தோம் என்பதை இங்கே எழுதவில்லை, அது எங்களோடு இருக்கட்டும். ஆனால் 13 வாரத்தில் முடித்துக்கொள்வதும் 16 வாரத்தில் முடித்துக்கொள்வதும் ஒன்றில்லை, முறை மாறுகிறது, உடம்புக்குச் சிரமம் கூடுகிறது, சட்டத்தில் வார வரம்பு இருக்கும் நாடுகளில் கதவே மூடிவிடலாம். சுமப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கோ இருப்பதே கொஞ்ச நாள். அந்த 19 நாளும் நான் என் குழந்தையோடு இருக்கவில்லை, போனோடு இருந்தேன்.

நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. மறு ஆலோசனை வேண்டும் என்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை, ஆனால் கரு மருத்துவ நிபுணர் ஒருவர் நேரில் இன்னொரு ஸ்கேன் செய்து சொல்லட்டும். உங்கள் டாக்டரையே கேட்டால் அனுப்பி வைப்பார். பேரும் பதிவு எண்ணும் சொல்லாத ஆளுக்குக் காசு கட்டாதீர்கள். அனென்செஃபலியைக் குணமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ராத்திரியில் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

வங்கியில் கொடுக்க ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் எடுத்து வைக்க வேண்டும், கணவர் வாசலில் நிற்கிறார். இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.