காருக்குள் எல்இடி மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காரில் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் மங்கலாக எரியுமே ஒரு குட்டி மஞ்சள் பல்பு, அதை எல்இடியாக மாற்றக் கொடுத்து அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கடைப் பெயர் வேண்டாம். சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர் எல்லாம் விற்று அங்கேயே மாட்டியும் தருகிற ஆக்சஸரீஸ் கடை, அவ்வளவு போதும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒயரை வெட்டாமல் முடியுமா? கவுண்டரில் இருந்தவர் டி10 என்கிற அளவில் வரும் பழைய பல்பையும் அதே அளவு எல்இடியையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாருங்க சார், ரெண்டுக்கும் ஒரே ஹோல்டர். உருவிட்டுச் சொருகுறதுதான் வேலை. வெட்டுற பழக்கமே நம்மகிட்ட கிடையாது, என் கார்லயும் இதேதான்." டெஸ்ட் போர்டில் ஒன்றைச் சொருகினார், எரியவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பிச் சொருகினார், பளிச்சென்று எரிந்தது. எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு சார், பழைய பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்றார். அது உண்மைதான். அந்த ஓர் உண்மையை வைத்தே மிச்சத்தையெல்லாம் விற்றுவிட்டார். நாலு பக்கமும் பல்பு, கூடவே கலர் மாறும் ஸ்ட்ரிப், அதற்கொரு கண்ட்ரோலர், "அதுவும் சொருகுறதுதான் சார்", ஒரு வருட வாரண்டி. மொத்தம் அரை மாதச் சம்பளம். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். வேலை நடக்கும் இடத்துக்கு விடவில்லை, தூசியாம்.

அன்று ராத்திரியே பார்த்தேன், காரைப் பூட்டிய பிறகும் பல்புகள் லேசாக எரிந்தபடியே இருந்தன. இதைக்கூட விட்டுவிடலாம். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கச் சில கார்கள் துளி மின்சாரம் அனுப்பும், 5 வாட் பழைய பல்பு அதற்கு அசையாது, எல்இடி மினுங்கிவிடும். ஆனால் அடுத்த சில நாளில் கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து டேஷுக்கு அடியில் பிரித்தார். கம்பெனி ஒயரைச் சீவி, எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் ஸ்ட்ரிப்பின் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஃப்யூஸ் கிடையாது. பூட்டிய கார் 50 மில்லியாம்பியருக்குள் இழுத்தால் சரி என்பார்கள், என் காரில் ஓர் ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 45 ஆம்பியர் மணி பேட்டரி ரெண்டு நாள் தாங்குவதே பெரிது. அதைவிடப் பயமானது, பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு ஒயர் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மாட்டியிருந்தால்?

கடைக்குப் போனால் முதலில் "எல்இடின்னா அப்படித்தான் சார்". அப்புறம் "உங்க பேட்டரி பழசு". அப்புறம் "மாட்டின பையன் வேலையை விட்டுட்டான்". வாரண்டி? "அது பொருளுக்கு சார், ஃபிட்டிங்குக்கு இல்ல." முதலாளி எப்போது போனாலும் வெளியூரில். கழற்றிய பழைய பல்புகளையாவது கொடுங்கள் என்றேன், குப்பையில் போட்டாச்சாம். அன்று உள்ளங்கையில் வைத்துப் பாடம் எடுத்தவர் இப்போது செல்போனிலிருந்து நிமிரவே இல்லை. அரை மாதச் சம்பளம் அய்யா, உழைத்த காசு! ஒயரைச் சரிசெய்த கூலி தனி.

விவரமாக எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்க விடாத இடத்தில் காரை விடாதீர்கள். பல்பு மட்டும் என்றால் நீங்களே மாற்றலாம், கவரை நெம்பி எடுத்தால் ஆச்சு. ஸ்ட்ரிப் என்றால் கட்டாயம் ஃப்யூஸ், அதுவும் சாவியை அணைத்தால் அணையும் லைனில். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கானது, அதன் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பழைய பல்பைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காரை எடுக்கும் முன் குனிந்து பெடலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.