பழைய உலோகத் துண்டு தங்கம்தானா: உரைகல்லா, தண்ணீரா?

அறுந்த சங்கிலி, நசுங்கிய மோதிரம், ஒற்றைத் தோடு என்று கலந்து கிடக்கும் குவியலில் தங்கத்தைப் பிரித்தெடுக்க உரைகல்லும் அமிலமும் ஒரு வழி; தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்ப்பது இன்னொரு வழி. இரண்டையும் பயன்படுத்திய பிறகு, முதல் சோதனையாக நான் வைத்துக்கொண்டது தண்ணீரைத்தான்.

காந்தத்தை அதிகம் நம்ப வேண்டாம். பித்தளை, செம்பு, ஈயம் எதுவும் அதில் ஒட்டாது. நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கியோ உள்ளிருக்கும் எஃகுச் சுருளால் ஒட்டிக்கொள்ளும். 916 முத்திரையையும் யார் வேண்டுமானாலும் குத்திவிடலாம்.

உரைகல் வேகமானது. கல்லில் இழுத்த கோட்டின்மேல் ஒரு துளி நைட்ரிக் அமிலம் விட்டால் பித்தளைக் கோடு கரைந்து மறையும், மாற்று உயர்ந்த தங்கம் அப்படியே நிற்கும். ஆனால் அமிலத்தைப் பராமரிக்க வேண்டும். வீரியம் குறைந்த அமிலம் பித்தளையைக்கூடக் கரைக்காமல் விட்டுவிடும் என்பதால், தெரிந்த பித்தளையின் கோட்டையும் பக்கத்திலேயே போட்டுப் பார்ப்பது அவசியம். செம்பு கலந்த உலோகத்தில் அமிலம் பட்டால் எழும் பழுப்புப் புகை நுரையீரலுக்குக் கேடு.

என்னைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது முலாம்தான். கல்லில் உரசுவது மேல்தோல் மட்டுமே. கனமாக முலாம் பூசிய பித்தளை அசல் தங்கக் கோட்டையே போடும். அமிலமும் அதை ஏற்றுக்கொள்ளும். அரத்தால் ஆழமாக ராவினால்தான் குட்டு வெளிப்படும், அதற்குள் பொருளில் தழும்பு விழுந்துவிடும். தண்ணீர் துண்டு முழுவதையும் ஒருசேர எடைபோடுகிறது.

செய்முறை எளிது. முதலில் துண்டை நிறுக்க வேண்டும். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, துண்டை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு; எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 8.9 கிராம் துண்டுக்கு 0.50 காட்டினால் அடர்த்தி 17.8, அது 22 கேரட்டுக்குப் பொருந்தும். அதே எடையில் பித்தளை என்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேலேயே காட்டும். சுத்தத் தங்கத்துக்கு 19.3, வெள்ளிக்கு 10.5. துண்டில் ஒட்டும் காற்றுக்குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்தால் குமிழி விலகும்.

கல் பதித்தவற்றிலும், உள்ளே காற்று அடைபட்ட குழல் வளையல்களிலும் இந்தக் கணக்கு பொய்க்கும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25 என்பதால், அதை உள்ளே வைத்த கட்டி தண்ணீரையும் ஏமாற்றிவிடும். அப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை, ஆகவே பெரிய கட்டிகளைப் பற்றி அனுபவத்தில் பேச என்னால் முடியாது.

மிகச் சிறிய துண்டுகளில் மட்டும் உரைகல்லுக்கே வழிவிடுகிறேன். 0.4 கிராம் திருகாணிக்குத் தராசு 0.02 காட்டினால் அடர்த்தி 20, 0.03 காட்டினால் 13. இடையில் வேறு எண்ணே இல்லை.