செவாலின், பெக்ஸர்: ஒரே குறி, இரண்டு கதிர்கள்

செவாலின், பெக்ஸர் என்ற இரண்டு மருந்தும் தேடிப் போவது ஒன்றைத்தான்: பி-செல் லிம்ஃபோமா என்னும் ரத்தப் புற்றுநோய் வகையில், செல்களின் மேல் இருக்கும் சிடி20 புரதம். மருந்தில் உள்ள ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் புரதம்) அதைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஏற்றிவிட்ட கதிரியக்க அணு செல்லைக் கொல்லும். செவாலினுக்கு அமெரிக்க அனுமதி 2002-இல், பெக்ஸருக்கு 2003-இல்.

செவாலினில் இருப்பது யிட்ரியம்-90. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், சுமார் 64 மணி நேரம். உடலுக்குள்ளேயே சிறு தூரத்தில் நின்றுவிடும் பீட்டா கதிர் மட்டுமே என்பதால் ஊசி போட்ட அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் மருந்து எங்கே சேர்கிறது என்று படம் பிடிக்க, இன்டியம்-111 என்ற வேறு கதிரியக்க அணு ஏற்றிய தனி டோஸ் முதலில் வேண்டியிருந்தது. 2011-இல் அந்தக் கட்டாயத்தை அமெரிக்காவில் நீக்கிவிட்டார்கள்.

பெக்ஸரில் அயோடின்-131, அரை ஆயுள் 8 நாள். உடலைத் தாண்டி வெளியே வரும் காமா கதிரும் இருப்பதால் படமும் சிகிச்சையும் ஒரே மருந்தில் முடிந்தது. முதலில் சிறு டோஸ். பிறகு சில நாள் இடைவெளியில் காமா கேமராவில் மூன்று முறை அளந்து, மருந்து உடலை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்த்து, அவரவருக்குத் தனி அளவு. செவாலினிலோ உடல் எடையும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். என்னைக் கேட்டால் பெக்ஸர் முறைதான் நேர்த்தி. தொல்லையும் அதற்குத்தான் அதிகம்: தைராய்டைக் காக்க அயோடைடு, வீட்டில் குழந்தைகளிடமிருந்து சில நாள் தள்ளியிருப்பது.

சில வாரம் கழித்து ரத்த அணுக்கள் சரிவது இரண்டிலும் உண்டு. இதே சிடி20-ஐப் பிடிக்கும், கதிரியக்கம் இல்லாத ஆன்டிபாடி மருந்தான ரிட்டுக்சிமாபை எந்தப் புற்றுநோய்ப் பிரிவிலும் ஏற்றலாம். இவற்றுக்கோ அணு மருத்துவப் பிரிவு வேண்டியிருந்தது. விற்பனை படுத்துவிட, 2014-இல் பெக்ஸரை நிறுத்திவிட்டார்கள்.