பொதியா, கூட இருப்பதா?

மண்சரிவு வந்தால் இலங்கை மலையகக் கிறிஸ்தவ சபைகளில் தயவு இரண்டு வழியில் வெளிப்படும். ஒன்று நிவாரணப் பொதி: அரிசி, பருப்பு, பால்மா, போர்வை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதுபோன்ற அழிவில், முதல் நாட்களுக்கு இதுதான் தேவை. வேகம் இதன் பலம். பெயர்ப்பட்டியலில் விடுபட்ட வீட்டுக்குத்தான் சங்கடம். படம் எடுத்துப் போடும் பழக்கம் வேறு. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 யாருக்கு நினைவிருக்கிறது?

மற்றது, ஆளாகப் போய்க் கூட இருப்பது. அம்மா கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வயதானவரைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பது, இழவு வீட்டை ஒரு மாதம் கழித்தும் எட்டிப் பார்ப்பது. காசு அதிகம் வேண்டாம். ஆனால் ஒரு நாட்சம்பளத்தை விட்டுப் போகிறவருக்கு அது லேசான காரியமல்ல. கலாத்தியர் 5:22இல் தயவுக்குப் பக்கத்திலேயே நீடியபொறுமை நிற்பதன் பொருத்தம் இங்கேதான் தெரியும்.

லூக்கா 10இல் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் இரண்டையும் செய்தான்; காயம் கட்டினான், சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்தான். சரி, சிறிய சபைக்கு ஒன்றுதான் முடியும் என்றால்? முதல் வாரம் பொதி. அப்புறம் என் தெரிவு இரண்டாவதுதான்: தொலைந்த அடையாள அட்டை, பிள்ளையின் பாடசாலை என்று கூட அலைய ஆள் வேண்டிய வேலைகளே அப்போது மிஞ்சியிருக்கும்.